முன்வரிசைக்கு எவ்வளவு காசு? ஃபேன்டஸி பிரீமியர் லீக்: மலைநாட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

ஹட்டனோ தலவாக்கலையோ பண்டாரவளையோ, சனிக்கிழமை பின்னேரம் டவுனில் எந்த சலூனுக்குள் தலையை நீட்டினாலும் ஒரே கால்பந்தாட்டச் சண்டைதான். “ஹாலண்ட் இல்லாம என்னடா டீமு?” என்பார் கதிரையில் இருப்பவர், மென்செஸ்டர் சிட்டியின் ஸ்ட்ரைக்கரை நினைத்து. “அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல ஆள் எடுக்கலாம் மச்சான்” என்பார் கத்தரிக்கோல் வைத்திருப்பவர். கழுத்து அவர் கையில் இருப்பதால் வாதம் அத்தோடு முடிந்துவிடும்.

ஒரு கழகம் முன்வரிசையை எப்படிக் கட்ட வேண்டும், ஒரே பெரிய தலைக்குக் கொட்டுவதா, நான்கைந்து பேருக்குப் பிரிப்பதா என்ற இந்தக் கேள்வியைக் காசு செலவில்லாமல் 38 வாரம் சோதித்துப் பார்க்கக் கிடைக்கும் இடம் ஃபேன்டஸி பிரீமியர் லீக். நிஜ வீரர்களை வைத்து நாமே ஒரு அணி கட்ட, அவர்கள் நிஜப் போட்டிகளில் செய்வதற்கு ஏற்ப நமக்குப் பொயின்ட் வரும். இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக்கே நடத்தும் இலவசச் சேவை இது. லீக்கின் அப்பிலும் இணையத்தளத்திலும் விளையாடலாம். தமிழ் இல்லை, எல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் பத்துப் பதினைந்து சொல் பழகிவிட்டால் போதும். இங்கே சொல்லும் விதிகள் 2025-26 பருவத்துக்கானவை.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கையில் 100 மில்லியன் விளையாட்டுக் காசு. அதில் 15 பேர்: கோல்காப்பாளர் 2, பின்களம் 5, மத்தியகளம் 5, முன்களம் 3. ஒரு கழகத்திலிருந்து மூன்று பேருக்கு மேல் எடுக்க முடியாது. வாராவாரம் 11 பேரை இறக்கி, ஒருவரைக் கெப்டன் ஆக்கினால் அவருடைய பொயின்ட் இரட்டிப்பாகும். 60 நிமிடம் விளையாடியவருக்கு 2 பொயின்ட், அதற்குக் குறைந்தால் 1. தோட்டத்தில் முழு நாளுக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர் போடுவார்களே, அதே கணக்கு. 58ஆவது நிமிடத்தில் வெளியே கூப்பிடப்படும் ஸ்ட்ரைக்கர், அதாவது முன்கள வீரர், அரைப்பேர்க்காரர். அப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு பருவம் முழுக்க இழுத்தால் கோலே அடிக்காத வாரங்களில்கூட அடுத்தவரை விட ஒவ்வொரு பொயின்டாகப் பின்னால் போய்க்கொண்டிருப்பீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். கோல் அடித்தால் முன்கள வீரருக்கு 4 பொயின்ட், மத்தியகள வீரருக்கு 5, பின்கள வீரருக்கு 6. அசிஸ்ட், அதாவது கோல் அடிக்கப் பந்து கொடுத்தால், யாருக்கும் 3. அணி கோல் வாங்காவிட்டால் மத்தியகள வீரருக்கு இன்னும் 1 கிடைக்கும், முன்கள வீரருக்கு ஒன்றும் இல்லை. 20 கோல் அடித்த இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்களக்காரருக்கு 80, மத்தியகளக்காரருக்கு 100. அவருடைய அணி பத்துப் போட்டியில் கோல் வாங்காமல் இருந்தால் 110. அடித்தது அதே 20 கோல்தான், ஆனால் வித்தியாசம் 30.

அதனால்தான் ஒருவர் மைதானத்தில் எங்கே நிற்கிறார் என்பதை விட, அப்பில் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பது முக்கியமாகிறது. லிவர்பூலில் சலாஹ் வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து கோல் அடித்தவர், ஆனால் பட்டியலில் மத்தியகளம். 2024-25இல் அவர் 29 கோல், 18 அசிஸ்ட். கோலுக்கு மட்டும் 145 பொயின்ட். முன்களம் என்று போட்டிருந்தால் 116தான். அந்தப் பருவத்தில் அவர் எடுத்த 344 பொயின்ட் இந்த விளையாட்டின் சாதனை. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆர்செனலின் ஹாவர்ட்ஸ் 2023-24இல் மத்தியகளப் பட்டியலில் இருந்தார், அடுத்த பருவத்தில் முன்களத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆள் அதேதான், செய்யும் வேலையும் அதேதான், கோலுக்கு ஒரு பொயின்ட் போய்விட்டது. பருவம் தொடங்குமுன் விலைப்பட்டியல் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, யார் பட்டியல் மாறியிருக்கிறார்கள் என்பதைத்தான்.

அப்படியானால் முன்களத்துக்குச் செலவு செய்வதே வீணா? இல்லை, இங்கேதான் பலர் அவசரப்பட்டு முடிவெடுக்கிறார்கள். ஒவ்வொரு போட்டியிலும் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று போனஸ் கொடுக்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு தனிக் கணக்கு ஓடுகிறது. அதில் முன்கள வீரரின் கோலுக்கு 24, மத்தியகள வீரரின் கோலுக்கு 18, பின்கள வீரரின் கோலுக்கு 12. ஆகவே இரண்டு கோல் அடித்த ஸ்ட்ரைக்கர் அனேகமாக 3 போனஸையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போவார். கொழுந்தில் கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கும் கைக்காசு மாதிரி. ஒரு கோலோடு நிற்பவருக்கு அது உறுதியில்லை, இரண்டு மூன்று அடிப்பவருக்கே கிடைக்கும். அதனால் முன்களத்தில் காசு போடுவதானால் குவித்து அடிக்கும் ஆளுக்குப் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு கோல் என்று சீராக அடிக்கும் 9 மில்லியன் ஸ்ட்ரைக்கர், பட்டியலிலேயே மிகமோசமான கொள்வனவு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 3-5-2 முறையை, அதாவது பின்களம் 3, மத்தியகளம் 5, முன்களம் 2 என்று இறக்குவதை, எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே உட்காரும் நால்வரையும் மலிவாக வையுங்கள்: கோல்காப்பாளர் 4.0, பின்களம் இருவர் 4.0 வீதம், முன்களம் ஒருவர் 4.5. மொத்தம் 16.5. மீதி 83.5. இறங்கும் கோல்காப்பாளருக்கு 5.0, பின்களம் மூவருக்கு 15.0 போனால் 63.5 இருக்கும். இதுதான் தாக்குதலுக்கான ஏழு பேருக்கும் சேர்த்து உங்கள் கையிருப்பு.

2025-26 தொடக்கத்தில் ஹாலண்ட் 14.0, சலாஹ் 14.5. இருவரையும் எடுத்தால் 28.5 காலி. மீதி ஐந்து பேருக்கு ஆளுக்கு 7.0தான். ஹாலண்டை மட்டும் எடுத்தால் ஆறு பேருக்கு 8.25 வீதம். இருவரும் வேண்டாமென்றால் ஏழு பேருக்கு 9.0க்குச் சற்று மேல். அந்த விலைப்பட்டியலில் மத்தியகளத்தில் பால்மர் 10.5, சாகா 10.0; முன்களத்தில் யோகரஸ் 9.0, ஜுவாவ் பெட்ரோ 7.5. இந்த எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். இரண்டு பெரிய தலை எடுத்தவரின் மத்தியகளத்தில் சாகா தரத்து ஆள் ஒருவரைக்கூட நுழைக்க முடியாது. நுழைத்தால் மற்ற நால்வருக்கும் சராசரி 6.25 ஆகிவிடும்.

எங்கள் தீர்ப்பு: ஒரு பெரிய தலை, ஒன்றே ஒன்று. காரணம் கெப்டன் பட்டை. இரட்டிப்பு ஒருவருக்குத்தான் கிடைக்கும். இரண்டாவது பெரிய தலைக்கும் 14 மில்லியன் கொடுக்கிறீர்கள், ஆனால் பட்டை இல்லாத வாரத்தில் அவருடைய பொயின்ட் ஒற்றை விலைக்குத்தான் வருகிறது. கெப்டன் பட்டையை இருவருக்கும் மாற்றி மாற்றிக் கட்டி, சரியான வாரத்தில் சரியான ஆளுக்குக் கட்டுவேன் என்பவர்கள் இருக்கிறார்கள். அதில் தேறியவர்கள் குறைவு.

மூன்றாவது முன்கள இடத்தைப் பற்றி ஒரு விஷயம். 4.5க்கு எடுக்கும் ஆள் அனேகமாக விளையாடவே மாட்டார். பரவாயில்லை. ஒரு ஸ்ட்ரைக்கர் இறங்காவிட்டால் வெளியில் இருக்கும் பின்கள வீரர் தானாக உள்ளே வருவார், ஏனென்றால் குறைந்தது மூன்று பின்களம், ஒரு முன்களம் இருந்தால் விதிக்குப் போதும். ஆகவே அந்த 4.5க்காரரை வெளி வரிசையில் கடைசியில் வையுங்கள். இரண்டு ஸ்ட்ரைக்கரும் ஒரே வாரத்தில் விழுந்தால் மட்டும்தான் பத்துப் பேரோடு நிற்க வேண்டி வரும். இதே சிக்கனத்தை வெளியே இருக்கும் பின்கள வீரர்களிடம் காட்டாதீர்கள். 4.0 விலையில் உண்மையில் இறங்கும் ஒருவராவது இருக்க வேண்டும்.

2025-26இல் புதிதாக வந்த ஒரு விதியும் முன்களத்துக்கு எதிராகவே வேலை செய்கிறது. தடுப்பு வேலைக்கும் பொயின்ட். பின்கள வீரர் ஒரு போட்டியில் பந்தை அகற்றுவது, அடியைத் தடுப்பது, இடைமறிப்பது, பறிப்பது எல்லாம் சேர்ந்து 10 செய்தால் 2 பொயின்ட். மற்றவர்களுக்கு, பந்தை மீட்டெடுப்பதையும் சேர்த்து 12. மத்தியில் நின்று துடைக்கும் மலிவான ஆள் இதை எட்டிவிடுவார். ஸ்ட்ரைக்கருக்கு இது கனவிலும் கிடைக்காது. 5 மில்லியன் சுற்றில் இருக்கும் அப்படிப்பட்ட மத்தியகள வீரர் ஒருவரை ஐந்தாவது ஆளாக வைப்பது, அதே விலையில் ஏதோ ஒரு அரைகுறை ஸ்ட்ரைக்கரைத் தேடுவதை விட எவ்வளவோ மேல்.

இனி சலூன் சண்டையின் மறுபாதி: நிஜக் கழகங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா? ஓரளவுக்குத்தான். மென்செஸ்டர் சிட்டியைப் பாருங்கள். ஸ்ட்ரைக்கர் அகுவேரோ போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் எடுக்காமலே 2021-22இல் 99 கோல் அடித்து, 93 புள்ளியோடு சாம்பியன். லீக்கில் அவர்களில் அதிகம் அடித்தவர் டி புருய்ன, 15 கோல். அடுத்த பருவம் ஹாலண்ட் வந்து 36 கோல் அடித்தார், அது லீக் சாதனை. அணி மொத்தம் அடித்தது 94, புள்ளி 89. மறுபடியும் சாம்பியன், ஆனால் கோல் கூடவில்லை, ஐந்து குறைந்தது! அதே 2022-23இல் ஹாரி கேன் டொட்டன்ஹமுக்கு 30 கோல் அடித்தும் அணி எட்டாவது இடம். 63 கோல் வாங்கிய அணியை எந்த ஸ்ட்ரைக்கராலும் தூக்க முடியாது.

ஃபேன்டஸியில் இருவரும் கொண்டாட்டம்: ஹாலண்டுக்கு 272 பொயின்ட், கேனுக்கு 263. ஒரு கழகம் மூன்று கிண்ணம் தூக்கியது, மற்றதுக்கு ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகளுக்கே இடம் கிடைக்கவில்லை. அப்பைப் பார்த்தால் அந்த வித்தியாசம் 9 பொயின்ட். இந்தச் சேவையின் பெரிய குறை இதுதான். கோலையும் அசிஸ்டையும் எண்ணும், கோல் வருவதற்கு வழி திறந்தவரை எண்ணாது. 2019-20இல் லிவர்பூல் 99 புள்ளியோடு வென்றபோது நடுவில் நின்ற ஃபிர்மினோ லீக்கில் அடித்தது 9 கோல். ஓரத்தில் சலாஹ் 19, மானே 18. பின்னால் இறங்கிப் பந்தை வாங்கி, எதிரணியின் நடுப் பின்களத்தை இழுத்துக்கொண்டு போய், அந்த இருவருக்கும் பாதை விட்டவர் ஃபிர்மினோ. அப்பில் அவர் ஒரு சாதாரண ஸ்ட்ரைக்கர். எந்தப் பயிற்றுவிப்பாளரிடம் கேட்டாலும் அவர் இல்லாமல் அந்த முன்வரிசை இல்லை.

இரண்டாவது குறை, சம்பளம் என்று ஒன்று இந்த விளையாட்டில் இல்லை. லிவர்பூல் 2025இல் ஸ்ட்ரைக்கர் இசாக்குக்கு 125 மில்லியன் பவுண் கொடுத்தது. கணக்குப் புத்தகத்தில் அதை அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குப் பிரித்து எழுதலாம், அதாவது வருடத்துக்கு 25 மில்லியன், அதற்கு மேல் சம்பளம். மூன்று வருடத்தில் 105 மில்லியன் பவுணுக்கு மேல் நட்டம் காட்டினால் தண்டனை உண்டு என்று ஒரு விதி கழகங்களின் தலைக்கு மேல் தொங்கியது. 25 பேர் பட்டியலில் உள்நாட்டில் வளராதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்க முடியாது. விழுந்தால் அடுத்த வாரமே மாற்றிவிட நிஜத்தில் முடியாது. எனவே ஒரே ஸ்ட்ரைக்கரில் காசைக் குவிப்பது ஃபேன்டஸியில் சின்ன ஆபத்து, கழகத்துக்குப் பெரிய ஆபத்து. 2024-25 லிவர்பூல் 86 கோல் அடித்துச் சாம்பியனானபோது டயஸ் 13, காக்போ 10, நடு ஸ்ட்ரைக்கர் நூனியெஸ் 5தான். ஆனால் அதையும் “பிரித்துக் கொடுத்த அணி” என்று சொல்லிவிட முடியாது, 86இல் 47க்கு சலாஹ்வின் கை, இல்லை, கால் இருந்தது. பெரிய தலை நடுவில்தான் நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அவ்வளவுதான்.

ஆள் மாற்றுவதில் காசு எங்கே ஒழுகும் என்பதையும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு மாற்றம் இலவசம், பாவிக்காவிட்டால் ஐந்து வரை சேரும். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4 பொயின்ட் கழியும், சரியாக ஒரு ஸ்ட்ரைக்கரின் ஒரு கோல். புதிதாக எடுத்தவர் கோல் அடித்தால்தான் நீங்கள் பூச்சியத்துக்கே வருகிறீர்கள். விலை ஏறினால் முழு இலாபமும் உங்களுக்கு இல்லை: 7.5க்கு எடுத்தவர் 7.8 ஆனால் விற்கும்போது 7.6தான் கிடைக்கும். பாதியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தையும் கீழ்நோக்கி முழுமையாக்கிவிடுவார்கள். அதனால் விலை ஏறுகிறது என்பதற்காக மட்டும் யாரையும் வாங்காதீர்கள். நல்ல விலைக்கு எடுப்பது முதல் நாளில்தான். பால்மர் 2023-24 தொடக்கத்தில் 5.0. முடிவில் 244 பொயின்ட். அப்படி ஒருவர் கிடைத்தால் மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடும். பெனல்டி அடிப்பவரா என்று பார்ப்பது அப்படிப்பட்ட ஆளைக் கண்டுபிடிக்கும் சுலபமான வழி.

நேரம். மலைநாட்டில் இந்தச் சேவையோடு வரும் தொல்லை இதுதான். ஒவ்வொரு சுற்றின் முதல் போட்டிக்கும் 90 நிமிடம் முன்பு கதவு மூடப்படும். முதல் போட்டி சனிக்கிழமை அங்கே பகல் 12.30 என்றால், ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்குக் கடைசி நேரம் பின்னேரம் 3.30. அதன் பிறகு மார்ச் கடைசி ஞாயிறு வரை 4.30. கொழுந்து நிறுக்கும் இடத்திலோ, டவுனிலிருந்து ஏறும் பஸ்ஸிலோ இருப்பீர்கள். முதல் போட்டி வெள்ளி இரவு 8 மணிக்கு என்றால் கோடையில் நமக்கு வெள்ளி இரவு 11, குளிர்காலத்தில் சரியாக நள்ளிரவு 12. கடிகாரம் மாறும் வாரத்தில் ஏமாறுபவர்கள் அதிகம்.

தோட்டத்தின் மேல்கணக்கில் கிடைக்கும் சிக்னல் கீழ்கணக்கில் கிடைக்காது, மிஸ்ட் மூடினால் இரண்டிலும் இழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே கெப்டனை முதல் நாள் இரவே கட்டி, உப கெப்டனை வேறு கழகத்திலிருந்து, விளையாடுவது நிச்சயமான ஒருவராக வையுங்கள். கெப்டன் இறங்காவிட்டால் பட்டை அவருக்குப் போகும். அணியை மாற்றிய பிறகு சேமிக்கும் பட்டனை அழுத்தாமல் வெளியே வந்தால் எல்லாம் பழையபடி இருக்கும். சிக்னல் இழுக்கும் இடத்தில் ஒரு தடவை வெளியே போய் மறுபடி திறந்து பார்த்துவிடுங்கள். எண்களும் பெயர்களும்தான் என்பதால் டேட்டா அதிகம் தின்னாது. வீடியோத் துண்டுகளைத் தொட்டால்தான் ரீலோட் கரையும்.

விசேட வாய்ப்புகள் நான்கு, ஒவ்வொன்றும் பருவத்தில் இரண்டு தடவை: அணியையே மாற்றுவது, ஒரு வாரத்துக்கு மட்டும் மாற்றுவது, கெப்டனுக்கு மூன்று மடங்கு, வெளியே இருப்பவர்களின் பொயின்டையும் சேர்ப்பது. முதல் தொகுதியை 19ஆவது சுற்று மூடுமுன் பாவிக்காவிட்டால் போச்சு. மூன்று மடங்கை ஒரே வாரத்தில் இரண்டு போட்டி இருக்கும் ஸ்ட்ரைக்கருக்கு என்று பொத்திப் பொத்தி வைப்பதை விட, சொந்த மைதானத்தில் பலவீனமான அணியைச் சந்திக்கும் வாரத்தில் போட்டுவிடுவது நல்லது. இரண்டு போட்டி இருக்கும் வாரத்தில் ஒன்றில் உட்கார வைத்துவிடுவார்கள்.

இதே லீக்கின் இன்னொரு வடிவம் டிராஃப்ட். கூட்டாளிகளாகச் சேர்ந்து விளையாடுவதானால் நாங்கள் சிபாரிசு செய்வது இதைத்தான். 2 முதல் 16 பேர் வரை சேரலாம். காசும் இல்லை, கெப்டனும் இல்லை. ஒரு வீரர் ஒருவருக்கு மட்டுமே சொந்தம். மாறி மாறி எடுக்க வேண்டும்: எட்டுப் பேர் என்றால் முதலில் எடுத்தவருக்கு அடுத்தது 16ஆவதும் 17ஆவதும், எட்டாவது ஆளுக்கு 8உம் 9உம். இங்கே சலூன் வாதம் அப்படியே தலைகீழாகிறது. எட்டுப் பேருக்கும் மூன்று வீதம் 24 முன்கள வீரர்கள் வேண்டும். லீக்கில் 20 கழகங்கள், பெரும்பாலானவை ஒரே ஸ்ட்ரைக்கரோடு விளையாடுபவை. நிச்சயமாக இறங்கும் ஸ்ட்ரைக்கர் ஆளுக்கு மூன்று வராது. மத்தியகளத்திலோ ஆள் மலிந்து கிடக்கிறது. சாதாரண விளையாட்டில் வீணென்று நாம் ஒதுக்கிய அந்த 9 மில்லியன் சீரான ஸ்ட்ரைக்கர், டிராஃப்டில் மூன்றாவது சுற்றிலேயே போய்விடுவார்.

ஆகவே டிராஃப்டில் முதல் நான்கு தெரிவில் இரண்டு முன்களம். கோல்காப்பாளரைக் கடைசிக்கு விடுங்கள். தெரிவுக்கு நேரம் முடிந்தால் உங்கள் விருப்பப் பட்டியலில் மேலே இருப்பவரை அப் தானாக எடுத்துவிடும், அதனால் இஸ்தோப்பில் உட்கார்ந்து விளையாடுவதானாலும், முன்கூட்டியே குறைந்தது 30 பேரை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு உட்காருங்கள். சிக்னல் போனால் ஹாலண்டுக்குப் பதிலாக இன்னொரு கழகத்தின் இரண்டாவது கோல்காப்பாளர் வந்து நிற்க மாட்டார்.